தொடரிலக்கம்

ஐயாயிரம் ரூபாத் தாள்கள் புதுசு.
வங்கிக் கட்டைப் பிரித்த கையோடு
கிராம சேவகர் குகதாஸ்
பாலர் பாடசாலை வாசலில் வைத்து
வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தார்.
சுண்ணாம்பு வட்டங்களுக்குள்
ஆட்கள் நின்றார்கள்.
நான் வட்டத்துக்கு வெளியே.

"உங்களுக்கு வராது அக்கா.
வியாபாரப் பதிவு இருக்கெல்லே."

இருக்கு.
கண்ணாடிச் சட்டம் போட்டு
லாச்சிக்கு மேலே தொங்குது:
ஜெயசீலி ஸ்டோர்ஸ்,
முத்தையன்கட்டு இடதுகரை.
அது கிடைத்த அன்று
பயற்றம் பணியாரம் சுட்டு ஊருக்கே கொடுத்தேன்.

நிவாரணம் எங்களுக்குப் புதுச்சொல் இல்லை.
மாவும் பருப்பும் சீனியும்
அந்தச் சொல்லுக்குள் இருந்த காலம் ஒன்று உண்டு.
அப்போது நெருக்கி நின்றோம்,
இப்போது தள்ளி நிற்கச் சொல்கிறார்கள்.
வரிசை அதேதான்.

பாதிக்கப்பட்ட தொழில்முயற்சிகளுக்கு
நாலு வீத வட்டியில் கடன் என்று
வானொலி சொன்னது.
பாஸ் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனேன்.
மூன்று வருடக் கணக்கறிக்கை கேட்டார்கள்.
சீ.ஆர். கொப்பியை மேசையில் வைத்தேன்.
அந்தப் பெடியன் விரித்து வாசித்தான்:
லோகிதன் வீடு, பால்மா ஒன்று, நெருப்புப்பெட்டி இரண்டு.
"இது கடன் கொப்பி அக்கா. கணக்கு எங்கை?"
இதுதான் கணக்கு என்றேன்.
சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை.

குளிர்ப்பெட்டி லீசிங்கில் எடுத்தது.
ஊரடங்கில் ஐஸ்கிரீம் யார் தின்னுவான்,
உள்ளே எங்கள் வீட்டு மீன் மட்டும்
விறைத்துக் கிடந்தது.
ஆறு மாதம் கட்டத் தேவையில்லை என்று
தொலைபேசிக்குச் செய்தி வந்தது.
அடுத்த வரிக்குக் கண்ணாடி போட வேண்டியிருந்தது:
வட்டி நிற்காதாம்.

அன்று பின்னேரமே தாள்கள் வரத் தொடங்கின.
முதலில் பவளராணி. மேசன் வேலை நின்று
இருபத்திரண்டு நாள்.
கடைசி மூன்று இலக்கம் நூற்றுப் பதினெட்டு.
பிறகு துஷ்யந்தியின் தாய், நூற்று நாற்பது.
மகள் கிளிநொச்சிக் காமென்ட்ஸில்.
அரைச் சம்பளத்தோடு வீட்டில் இருத்தியிருக்கிறார்கள்;
அந்தப் பிள்ளை பழைய சாரத்தில் மாஸ்க் தைத்து
என் கடைக்கே விற்கத் தந்தாள்.
"பாதியைக் கழியுங்கோ, பாதியைத் தாங்கோ"
என்றது கனகேஸ், நூற்று முப்பத்தெட்டு.

ஏன் என்று தெரியாது,
கொப்பியின் பின்பக்கத்தில்
இலக்கங்களை எழுதி வந்தேன்.
நூற்றுப் பதினேழில் இருந்து நூற்றைம்பத்தாறு.
கிழமை முடிய நாற்பதில் முப்பத்தொன்பது
என் லாச்சிக்குள்.
வவுனியா லொறிக்காரன் வந்து
எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போனான்.

அரசாங்கம் எனக்கு ஒரு சதம் தரவில்லை.
அரசாங்கம் தந்தது முழுக்க எனக்குத்தான் வந்தது.
இரண்டுமே பொய்யில்லை.

வராதது நூற்று முப்பத்தொன்பது.
கனகேசுக்குப் பின்னால் நின்றது யார் என்று
யோசித்துப் பிடித்தேன்: நாகரத்தினம்.
குளத்தில் வலை போடுகிறவர்.
ஆறாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபா நிலுவை.
எனக்குக் கோபம் வந்தது.
ஆனாலும் அரிசி கேட்டு வந்தபோது நிறுத்துக் கொடுத்தேன்,
தராசுத் தட்டை கொஞ்சம் பலமாக வைத்து.

ஐப்பசி மழைக்குள் ஒருநாள்
சொப்பிங் பைக்குள் சொப்பிங் பை,
அதற்குள் கடதாசி,
அதற்குள் அந்தத் தாள்,
மடிப்புக் கூட விழாமல்.

"இவ்வளவு நாளும் எங்கை அண்ணை?"

"திருப்பிக் கேப்பினம் எண்டு வைச்சிருந்தனான்.
எலக்சனும் முடிஞ்சுது.
இனிக் கேக்காயினம்தானே?"

லீசிங்காரரின் புதுச் செய்தி
காலையில்தான் வந்திருந்தது,
புதுத் தொகையோடு.
போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன்.

கேக்காயினம் என்றேன்.

அவர் வாசல்வரை போய்
மழையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.
"எண்டாலும் பிள்ளை,
அந்த இலக்கத்தை எங்கையாவது எழுதி வை."

கொப்பியைத் திருப்பிக் காட்டினேன்.
முப்பத்தெட்டுக்கும் நாற்பதுக்கும் நடுவில்
ஒரு வரி வெறுமையாக விட்டிருந்தேன்.